படம் காட்டினால் பாடம் ஆகிவிடுமா?

சூரியக் குடும்பப் பாடத்துக்கு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே படம்தான். இடது ஓரத்தில் மஞ்சளாகச் சூரியன். அதை ஒட்டி எட்டுக் கோள்களும் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கும். ஸ்மார்ட் போர்டில் ஓடும் அனிமேஷனிலும் அதே கதைதான். கூடுதலாகக் கோள்கள் சுற்றும், பின்னணியில் இசை வரும். பார்த்து முடித்த பிள்ளையிடம் பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், 15 கோடி கிலோமீட்டர் என்று டக்கென்று சொல்லிவிடும். மனதுக்குள் இருப்பதோ படத்தில் பார்த்த நாலு விரற்கடைத் தூரம்.

இதே பாடத்தைக் கரண்ட் இல்லாத நாளில் மைதானத்தில் நடத்திப் பாருங்கள். 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தைச் சூரியன் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் பூமி ஒன்றேகால் மில்லிமீட்டர், அதாவது ஒரு கேழ்வரகு மணி. அதை எங்கே வைப்பது? பந்திலிருந்து 15 மீட்டர் தள்ளி. நிலா, அந்தக் கேழ்வரகிலிருந்து 4 சென்டிமீட்டருக்குள் ஒரு மணல் துகள். வியாழன் ஒரு கோலிக்குண்டு, 78 மீட்டர் தள்ளி. பல பள்ளிகளில் அதற்குள்ளேயே காம்பவுண்டு சுவர் வந்துவிடும். நெப்டியூனுக்கு 450 மீட்டர் நடக்க வேண்டும், கேட்டைத் தாண்டித் தெருமுனை டீக்கடை வரைக்கும். கேழ்வரகு இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால், அந்தப் பந்து வானத்துச் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே அளவில் தெரியும். "சார், நாம இதுலயா இருக்கோம்?" என்று ஒரு பையனாவது கேட்காமல் இருக்கமாட்டான்.

அதற்காக ஸ்மார்ட் போர்டுக்குத் துணி போட்டு மூடிவிட்டு எல்லோரும் மைதானத்துக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. இதயத்தின் வால்வு திறந்து மூடுவதைக் கேழ்வரகை வைத்துக் காட்ட முடியாது. செல் பிரிவது, எரிமலை வெடிப்பது, கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வது, நாள் கணக்கில் நடக்கும் முளைவிடுதல் எல்லாம் திரையில் பார்க்க வேண்டியவை. மிகச் சிறியது, மிகப் பெரியது, மிக வேகமானது, மிக மெதுவானது, ஆபத்தானது, எட்டாத தொலைவில் இருப்பது: திரை உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் இவை. பள்ளி வேலியோரம் செம்பருத்தி பூத்துக் கிடக்கும்போது, அதன் பாகங்களைத் திரையில் மட்டும் காட்டி முடிப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செம்பருத்தி பாடப் புத்தகங்களில் இடம் பிடித்ததற்குக் காரணமே, அது எங்கும் கிடைக்கும், பாகங்கள் பெரியவை, கையால் பிரிக்கலாம் என்பதுதான். இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தால் நடுவில் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக ஒட்டியிருப்பது தெரியும். நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள், அவை சூலகமுடி. குழாயைச் சுற்றியுள்ள மகரந்தப் பைகளை விரலில் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டும். அடியில் சூற்பையைப் பிளேடால் ஆசிரியர் வெட்டித் தர, உள்ளே வெள்ளைப் புள்ளிகளாகச் சூல்கள். திரைக்கு வேலை இதற்குப் பிறகுதான். ஒரு பிள்ளையின் விரலில் ஒட்டிய மகரந்தத்தை மொபைல் கேமராவால் நெருங்கிப் படமெடுத்து, அதை அப்படியே போர்டில் பெரிதாக்கிக் காட்டலாம். தன் விரல் திரையில் தெரிகிறது என்பதற்காகவே வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து உட்காரும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத பாகத்தை மட்டும் கேமராவிடம் விட்டால் போதும்.

பி.எட். படித்தவர்களுக்கு 'டேல் அனுபவக் கூம்பு' நினைவிருக்கும். பலர் தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியிருப்பார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்கர் டேல் 1946-ல் வெளியிட்டது அது. நேரடி அனுபவம் அடியில், சொற்கள் உச்சியில், நடுவில் செய்து காட்டல், கண்காட்சி, படம் என அடுக்கியிருப்பார். அதோடு சேர்த்து இன்னொன்றும் நம் பயிற்சி வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது: படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், பார்ப்பதில் 30 சதவீதம் நினைவில் நிற்கும் என்ற கணக்கு. டேல் எந்த எண்ணையும் கொடுக்கவில்லை. பின்னால் யாரோ ஒட்டிவிட்டது அது. ஆதாரமான ஆய்வு எதுவும் கிடையாது. பத்துப் பத்தாக இவ்வளவு அழகாக ஏறும் எண்களைப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்மார்ட் போர்டு விற்க வருபவரின் பவர்பாயின்ட்டில் இந்தச் சதவீதங்கள் கண்டிப்பாக இருக்கும்.

பார்த்தாலே பதிந்துவிடும் என்பது எவ்வளவு தப்பு என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரின் குழு, இயற்பியல் செய்முறைகளை மாணவர்களுக்கு நேரில் செய்து காட்டி, அதனால் என்ன பயன் என்று சோதித்து 2004-ல் வெளியிட்டது. பிறகு வைத்த தேர்வில், ஏன் அப்படி நடக்கிறது என்று சரியாக விளக்கியவர்கள்: செய்முறையே பார்க்காதவர்களில் 22 சதவீதம், பார்த்தவர்களில் 24 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம்! பார்ப்பதற்கு முன் 'என்ன நடக்கும்?' என்று யோசித்துப் பதில் குறித்துவிட்டுப் பார்த்தவர்களில் 30 சதவீதம், அதோடு பக்கத்தில் இருப்பவருடன் பேசியும் பார்த்தவர்களில் 32 சதவீதம். இது ஹார்வர்டு மாணவர்கள் நிலை, அதுவும் கண்முன்னே நடந்த செய்முறை. நம் எட்டாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி இருட்டில் ஓடும் 12 நிமிட வீடியோ எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, படத்தைத் தேடுவதை விட முக்கியம், அதற்கு முன்னும் பின்னும் பிள்ளை என்ன செய்யப் போகிறது என்று முடிவு செய்வது. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் என்ற விண்வெளி வீரர் நிலவில் நின்று ஒரு கையில் சுத்தியல், மறு கையில் வல்லூறின் இறகு, இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே விட்டார். ஒரு நிமிடம்கூட ஓடாத காட்சி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வழக்கமாக இதை எப்படிக் காட்டுகிறோம்? "புவிஈர்ப்பு எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி இழுக்கும், இப்போது வீடியோ பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போடுகிறோம். பிள்ளைகள் பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அடுத்த பாடத்துக்குப் போகிறோம்.

மாற்றிச் செய்யலாம். முதலில் வகுப்பிலேயே ஒரு தாளையும் பேனாவையும் கீழே விடுங்கள். பேனா முதலில் விழும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டு, ஸ்காட் இரண்டு கைகளையும் நீட்டி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். "எது முதலில் விழும்? நோட்டில் எழுது, காரணமும் எழுது." எழுத வைப்பதுதான் முக்கியம், கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சும் தூக்கும். எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டி இரண்டு நிமிடம் சண்டை போட விடுங்கள். பிறகு ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடும்போது வகுப்பில் எழும் சத்தம், வகுப்பு உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அடுத்த கேள்வி தானாக வரும்: அங்கே அப்படி, இங்கே ஏன் தாள் பின்தங்கியது? நிலவில் இழுப்பு குறைவு என்று சிலர் சொல்வார்கள். சரி என்று ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டு, அதே தாளைக் கசக்கி உருண்டையாக்கி மறுபடி பேனாவோடு விடுங்கள். மொபைலில் ஸ்லோமோஷன் இருந்தால் அதை ஒரு பிள்ளையே எடுக்கட்டும். தாளின் எடையும் பூமியின் இழுப்பும் மாறவில்லை, விழும் வேகம் மட்டும் மாறியிருக்கிறது. காற்றின் தடை என்ற விடையை ஆசிரியர் சொல்லவே தேவையிருக்காது.

இதில் சத்தத்தை நிறுத்தியது சின்ன வேலையாகத் தெரியலாம். ஆனால் தமிழ்வழி வகுப்பில் அது பெரிய உதவி. நல்ல வீடியோக்கள் பலவும் ஆங்கிலத்தில், அதுவும் நம் பிள்ளைகளுக்குப் பிடிபடாத உச்சரிப்பில் இருக்கின்றன. ஊமைப் படமாகப் போட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே வர்ணனை சொல்லச் சொன்னால், மொழிச் சிக்கலும் தீரும், யார் எதைத் தவறாகப் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும்.

கரும்பலகை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்மார்ட் போர்டு வந்ததும் சில இடங்களில் கரும்பலகையின் நட்டநடுவில் அதை மாட்டிவிட்டார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கரும்பலகையில் படம் மெல்ல வளர்கிறது. இதயம் வரையும் ஆசிரியர் முதலில் நான்கு அறைகள் போடுவார், பேசுவார், பிறகு ஒரு குழாய், ஓர் அம்புக்குறி. அவர் வரையும் வேகமும் பிள்ளை நோட்டில் வரையும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. திரையில் வரும் இதயமோ இருபது பெயர்களோடு முழுசாக வந்து நிற்கும். எங்கே பார்ப்பது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

இதற்கு ஆய்வுப் பின்னணியும் இருக்கிறது. புதிய விஷயத்தைக் கற்கும்போது ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது மிகக் கொஞ்சம். அதற்கு மேல் ஏற்றினால் எல்லாமே சரிந்துவிடும் என்பதை ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களிலிருந்தே சொல்லிவருகிறார். கலிஃபோர்னியாவில் ரிச்சர்டு மேயர் என்ற உளவியலாளர், படமும் சொல்லும் சேர்ந்து வரும் பாடங்களைப் பல ஆண்டுகள் சோதித்தார். பாகத்தின் பெயர் படத்தின் மேலேயே இருக்க வேண்டும், கீழே அ, ஆ, இ என்று பட்டியல் போட்டுத் தேடவிடக் கூடாது. காணொளியைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்ட வேண்டும். திரையில் இருக்கும் வாக்கியத்தையே ஆசிரியரும் வரிக்கு வரி வாசித்தால் கற்றல் குறையத்தான் செய்யும். இவையெல்லாம் அந்தச் சோதனைகளிலிருந்து வந்தவை. அவர் சகாவுடன் செய்த ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தில், மின்னல் பற்றிய சுவையான துணுக்குகளைப் படத்தோடு சேர்த்தார்கள். சுவாரஸ்யம் கூடியது, பாடம் புரிவது குறைந்தது. மின்னல் உருவாகும் முறையும் குறைவாகவே நினைவில் நின்றது. ஸ்லைடுக்கு ஸ்லைடு எழுத்தைச் சுழலவிட்டு, மூலையில் பொம்மை ஆடவிட்டுத் தயாராகும் பாடங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்கலாம்.

படம் தப்பாகவும் கற்றுக்கொடுக்கும் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ரத்த ஓட்டப் படத்தில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நீலமாக இருக்கும். அது அடையாளத்துக்காகப் போட்ட நிறம் என்று யாரும் சொல்லாததால், உடம்பில் நீல ரத்தம் ஓடுகிறது என்றே பல பிள்ளைகள் நம்புகிறார்கள். மணிக்கட்டில் ரத்தக் குழாய் நீலமாகத் தெரிவது அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. உண்மையில் அந்த ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. பருவகாலப் படம் இன்னும் மோசம். பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்ப்பதுபோல வரைவதால் அது நீண்ட முட்டை வடிவமாகத் தெரியும். உடனே, சூரியனுக்குப் பக்கத்தில் வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று பிள்ளை தானே ஒரு விளக்கம் செய்துகொள்ளும். பாதை கிட்டத்தட்ட வட்டம்தான். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில், மார்கழிக் குளிரில். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு குழப்பம் வரும். அச்சின் சாய்வைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. எந்தப் படத்தைக் காட்டினாலும், "இதில் எது நிஜம் இல்லை?" என்று ஒரு கேள்வி கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கருவிகளுக்குப் பஞ்சம் என்று இப்போது சொல்ல முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டைகள், பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படிப் படங்கள், சுவரின் கீழ்ப்பாகத்தில் பிள்ளைகள் தாமே எழுத அவர்கள் உயரத்துக்கே கரும்பலகை. அந்தத் தாழ்வான கரும்பலகையைத்தான் நான் பார்த்ததிலேயே சிறந்த கல்வித் தொழில்நுட்பம் என்பேன். சாக்பீஸ் பிள்ளையின் கையில் இருந்தது. பிறகு 2011-ல் விலையில்லா மடிக்கணினி, 2018-ல் கியூஆர் கோடு அச்சிட்ட புதிய பாடநூல்கள், 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2023-ல் காணொளிப் பாடங்கள் கொண்ட மணற்கேணி செயலி, அண்மையில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு டேப்லெட். பொருள் வந்து சேர்ந்துவிட்டது. எந்தப் பொருளை எந்தப் பாடத்தில் எந்த நிமிடத்தில் எடுப்பது என்ற பேச்சுதான் பின்தங்கிவிட்டது.

பொருளே மாற்றத்தைக் கொண்டுவருமா என்பதற்கு இந்தியாவிலேயே இரண்டு ஆய்வுகள் பதில் வைத்திருக்கின்றன. குஜராத்தில் ஞான் ஷாலா பள்ளிகளில் கணினிவழிக் கணிதத்தைச் சோதித்த பொருளியலாளர் லீ லிண்டன், அதை வகுப்பு நேரத்தில் ஆசிரியர் பாடத்துக்குப் பதிலாக வைத்தபோது பிள்ளைகள் அது இல்லாமல் படித்தவர்களைவிடக் குறைவாகக் கற்றதையும், அதே மென்பொருளை வகுப்பு நேரத்துக்கு வெளியே கூடுதலாக வைத்தபோது நன்மை கிடைத்ததையும் கண்டார். டெல்லியில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழு, மாலை மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். காரணம் திரை பளபளப்பாக இருந்தது அல்ல. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் நாலாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு, அந்த மென்பொருள் நாலாம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் ஆளுக்கு ஒரு மட்டத்தில் கணக்குக் கொடுக்க முடியாது, கணினியால் முடியும். இயந்திரத்திடம் கேட்டு வாங்க வேண்டிய வேலை இந்த மாதிரி வேலைதான்.

நடைமுறைத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெட் வகுப்பின் நடுவில்தான் நிற்கும், அதனால் முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்காமல் எந்த ஸ்லைடையும் காட்டக் கூடாது; அங்கிருந்து படிக்க முடியாத எழுத்து வெறும் அலங்காரம். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் பாதி வகுப்புக்கு ஒன்றும் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத பையன்கள் வகுப்புக்கு ஒருவராவது இருக்கக்கூடும், நிறத்தை மட்டும் நம்பிப் படம் போட்டால் அவர்கள் தனியே விடுபடுவார்கள்.

ஸ்மார்ட் போர்டு இல்லாத வகுப்புக்கும் ஒரு மொபைல் போதும். டிவி ரிமோட்டின் முனையை வெறும் கண்ணால் பாருங்கள், பட்டனை அழுத்தினால் ஒன்றும் தெரியாது. அதையே மொபைலின் முன்பக்க கேமரா வழியாகப் பார்த்தால் பெரும்பாலான போன்களில் ஒரு விளக்கு மினுக்கும். அகச்சிவப்புக் கதிர் என்று புத்தகத்தில் இரண்டு வரியில் இருப்பது கண்ணெதிரே நிற்கும். ஈரத் துணியில் வைத்த பாசிப்பயறை டைம்லேப்ஸில் எடுத்தால் இரண்டு நாள் இரவு பகல் அரை நிமிடத்தில் ஓடும். ஒரு பிள்ளை போட்ட கணக்கின் மேலே மொபைலைப் பிடித்துத் திரையில் காட்டி, பெயர் சொல்லாமல், "இந்த மூன்றாவது வரியில் என்ன நடந்தது?" என்று கேட்கலாம். விலை கொடுத்து வாங்கும் கன்டென்ட் எதிலும் உங்கள் வகுப்புப் பிள்ளை போட்ட தவறு இருக்காது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், அதுதான் உண்மையான தட்டுப்பாடு. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு எல்லாம் போக, ஒரு மூன்று நிமிட வீடியோவை முன்கூட்டியே பார்த்து எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்று யோசிக்க அரை மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு ஆசிரியரும் இதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது வீடியோ லிங்குகள் மட்டும் குவிகின்றன. லிங்கோடு இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் போதும்: எத்தனையாவது நொடியில் நிறுத்தினேன், என்ன கேட்டேன், பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களில் ஒரே தவறு நாலு பள்ளியில் வந்தால், அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.